பெரியவர் வலது பக்கம் இழுக்கிறார்

சிரிப்புக்கு நான் கியாரண்டி அண்ணே. ஊட்டி போய்ச் சேர்வதற்குள் உங்களை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்காவிட்டால் என் பெயர் கிளாட்வின் இல்லை. ஆனால் இப்போது சிரிக்கக் கூடாது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நானே சொல்வேன். அதுவரை வாயை இறுக்கி வைத்துக்கொள்ளுங்க. நடுவில் சிந்திவிட்டால் கடைசியில் பாத்திரம் காலியாகிவிடும். இப்போதுதான் கல்லாறு. ரோட்டில் எவ்வளவு வளைவு இருக்கிறதோ, கதையிலும் அவ்வளவு இருக்கிறது.

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க. எனக்கு இந்த மலை அலுத்துப் போனது. பஸ்ஸில் இவ்வளவு சீட் காலியாக இருக்க, நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீங்க பாருங்க, அது உங்கள் அதிர்ஷ்டம். பொள்ளாச்சிதானே? எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீங்களா? "தம்பி, இங்க ஆராச்சும் வர்றாங்ளாங்?" என்று கேட்டீங்களே, அந்த 'ங்' காட்டிக் கொடுத்துவிட்டது. கோயம்புத்தூர் 'ங்' தொண்டையில் உருளும். பொள்ளாச்சி 'ங்' மூக்கு நுனியில் ஊஞ்சலாடும். நான் குரலைக் கேட்டால் போதும், ஆளைச் சொல்லிவிடுவேன். ஆண்டவர் எனக்குக் கணக்கு கொடுக்கவில்லை, உயரம் கொடுக்கவில்லை, மீசைகூட இன்னும் டெலிவரி ஆகவில்லை. காதும் தொண்டையும் மட்டும் கொடுத்தார்.

கண்டக்டரைக் கவனிச்சீங்களா? "குன்னூர் குன்னூர் குன்னூர், ஊட்டி மட்டும் ஏறு, குன்னூர் ஏறாத!" எப்படி, அவர் குரல் அப்படியே? பார்த்தீங்களா, முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார். அவர் இப்போது சிரிக்கலாம், அவர் கதை கேட்கவில்லை.

சரி, ஒரு கேள்வியில் ஆரம்பிக்கிறேன். பழைய டிரைவர் நல்லதா, புது டிரைவர் நல்லதா?

ஐயோ, ஏன் அண்ணே அப்படித் தூக்கிவாரிப் போடுகிறது உங்களுக்கு? நம்ம பஸ் டிரைவரைச் சொல்லவில்லை. அவர் நல்லாத்தான் ஓட்டுகிறார். நான் சொல்வது கோல்ஃப் மட்டை. கோல்ஃபில் முதல் அடி அடிக்க ஒரு நீள மட்டை உண்டு, பந்தைக் கண்காணாத தூரத்துக்கு விரட்ட. அதற்குப் பெயர்தான் டிரைவர். பார்த்தீங்களா, நீங்களே ஏமாந்தீங்க. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இந்த சீசன் முழுக்க ஒரு வீட்டையே ஆட்டி வைத்திருக்கிறேன்.

எந்த வீடு என்றால், எங்கள் வீடுதான்.

எங்கப்பா கார் டிரைவர். கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கிற வெங்குசாமி நாயுடுவுக்கு. நாயுடுவுக்கு ஊட்டியில் ஒரு பங்களா. பங்களாவுக்குப் பின்னால் அவுட்ஹவுஸ். அதில் நாங்கள்: அப்பா, அம்மா, நான். நாயுடுவின் அப்பா காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர் எங்கப்பா. நான் பிறந்தது, தவழ்ந்தது, ப்ளஸ் டூவில் தொங்கித் தொங்கிப் பாஸானது எல்லாம் அந்த அவுட்ஹவுஸில்தான். வேலையும் வீடும் ஒரே சாவிக்கொத்தில் இருக்கிற வாழ்க்கை அண்ணே. வேலை போனால் வீடும் போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, சிரிப்புக்கு இதுதான் திரி.

என்ன கேட்டீங்க? அவுட்ஹவுஸில் தண்ணி ஒழுங்கா வருமா என்றா? வரும் அண்ணே. காலையில் பனியாக வரும், உருக்கிக் குளிக்கணும். நல்ல ஆள் நீங்கள், கதையில் பாத்ரூமைத் தேடுகிறீங்க.

நாயுடு ஊட்டிக்கு வருவதே கோல்ஃப் ஆடத்தான். அவரிடம் ஒரு பழைய டிரைவர். மட்டையைச் சொல்கிறேன். அவர் அப்பா ஆடியது. தலை முழுக்க மரம். மூடின கை அளவுதான் இருக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துத் தேன் நிறம். அதற்கு அவர் வைத்த பெயர் 'பெரியவர்'. அவர் குரலில் கேளுங்க: "பெரியவரை மெதுவா எடுங் கண்ணு, தலை எங்கியும் இடிச்சரப் போகுது." ஒரு மட்டைக்கு அண்ணே! ஆனால் கோயம்புத்தூர்க்காரர்களிடம் அது அதிசயமா? அவர்கள் ஆட்டுக்குட்டியையே "வாங், போங்" என்று கூப்பிடுகிறவர்கள். மட்டைக்கு மரியாதை கொடுக்க மாட்டார்களா?

இந்தப் பெரியவருக்கு ஒரே ஒரு வியாதி. வலது பக்கம் இழுப்பார். நாயுடு நேராக அடிப்பார், பந்து கொஞ்ச தூரம் யோக்கியமாகப் போய்விட்டு, மாமியார் வீடு ஞாபகம் வந்தது போல வலப்பக்கம் திரும்பி முட்புதருக்குள் போய்விடும். இந்த சீசன் ஆரம்பத்தில் ஒரு பந்து கிளப் செக்ரட்டரியின் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது. தலை தப்பியது தொப்பியின் புண்ணியம்.

அதே வாரம்தான் எங்கப்பாவும் காரைக் கிளப் கேட் தூணில் உரசினார். வலது பக்கக் கதவில் பெரிய கீறல். அது வேறு கதை. அந்த கேட் குறுகல்.

என்ன அண்ணே, வளைவு வந்தாலே வலது காலைத் தரையில் போட்டு அமுக்குகிறீங்க? பயமா? கண்ணை மூடிக்கொள்ளுங்க. மலையில் முதல் தடவை வருகிறவர்கள் எல்லாம் கம்பியைத்தான் பிடிப்பார்கள், நீங்கள் என்னவோ பஸ்ஸையே நிறுத்துகிற மாதிரி மிதிக்கிறீங்க.

கதைக்கு வருகிறேன். நாயுடுவோடு ஆடுகிறவர் கர்னல் தேவய்யா. குடகுக்காரர், ரிட்டயர்டு. அவர் தமிழ் பேசினால் தமிழுக்கு அட்டென்ஷனில் நிற்கத் தோன்றும். அவர் இந்த சீசனுக்குப் புது டிரைவர் வாங்கிவிட்டார். தலை பப்பாளிப் பிஞ்சு மாதிரி, உள்ளே வெறும் காற்று. அடித்தால் தகர டப்பாவில் கல் விழுந்த மாதிரி 'டணார்'. "நாய்டு! உன் பெரியவருக்கு ஒரு சல்யூட் அடிச்சு வீட்டுக்கு அனுப்பு மேன்! இது டைட்டானியம்! ராக்கெட்ல போடறது!" அதற்கு நம்ம நாயுடு, "ராக்கெட்டு மேல போகட்டுமுங் கர்னல், நமக்குப் பந்து நேராப் போனாப் பத்தாதுங்ளா?"

இந்தச் சண்டை கிளப்பில் தினமும். பழசு பெரிசா, புதுசு பெரிசா? டீ கொடுக்கிற ஸ்டீவர்டு குஞ்ஞப்பன் சேட்டன்கூட ஒரு கட்சி. "பழேது பழேதா மோனே, அதின்றெ சத்தம் கேட்டால் மதி." பழசு பழசுதானாம், அதன் சத்தம் கேட்டாலே போதுமாம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் இரண்டு மட்டையிலும் அடித்துப் பார்ப்பது என்று முடிவானது.

நானும் போயிருந்தேன். காரணம் விளையாட்டு இல்லை, கர்னல் இருமுவதை அப்படியே செய்து காட்ட ஒரு நுணுக்கம் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. எங்கப்பாவுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வது. அதில் அவர் பழைய கில்லாடி. எந்தப் புதருக்குள் போனாலும் விரலை நீட்டுவார், பந்து அங்கே இருக்கும். மட்டைப் பை தூக்குகிற காடிப் பையன்கள் அவரை 'பைனாகுலர்' என்றே கூப்பிடுவார்கள்.

கர்னல் தன் டைட்டானியத்தில் ஒன்று அடித்து வைத்தார். அடுத்து பெரியவர். நாயுடு அடித்தார். வலது. மறுபடி அடித்தார். வலது. அப்புறம் ஒரு அடி அடித்தார் பாருங்க, மட்டையின் நட்ட நடுவில் பட்டது. 'டொக்'. அந்தச் சத்தத்தை நான் எவ்வளவோ முயற்சி செய்கிறேன், நாக்கில் வரவே மாட்டேன் என்கிறது. பந்து நூல் பிடித்த மாதிரி போய், கர்னலின் டைட்டானியம் பந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. கர்னல் இருமவே மறந்துவிட்டார். அப்புறம் நாயுடு புதுசை வாங்கி அடித்தார். ஒன்று மட்டையின் ஓரத்தில் பட்டது, ஒன்று அடியில் பட்டது. ஆனால் எல்லாமே ஏறக்குறைய நேராகப் போய் விழுந்தன. கர்னல் துள்ளுகிறார்: "பாரு மேன்! தப்பா அடிச்சாலும் மன்னிக்குது! பழசு மன்னிக்காது!"

"மன்னிப்பு வாங்கறதுக்கு நான் கோயிலுக்குப் போயிக்கறனுங்" என்றார் நாயுடு. சொல்லிவிட்டு ரோஷத்தோடு பெரியவரையே திரும்ப எடுத்து ஓங்கி ஒரு வீச்சு வீசினார். காற்றில்தான் பட்டது. பந்து அங்கேயே, குச்சி மேல், குத்துவிளக்கு மாதிரி நிற்கிறது.

எங்கப்பா தூரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "அருமையாப் போச்சுங்க முதலாளி!"

சிரிக்காதீங்க! இது இல்லை அந்த இடம். அன்றைக்கு கிளப்பே சிரித்தது. காடிப் பையன்கள் உருண்டார்கள். எனக்கு மானம் போனது. ஜால்ரா அடிக்கலாம் அண்ணே, அதற்காக நின்ற பந்துக்கா? நாயுடு மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவையே ரொம்ப நேரம் பார்த்தார். பாவம், காற்றை அடித்த வெட்கம்.

அப்பா இப்படி ஆகிவிட்டார் அண்ணே இந்த சீசனில். என்னைக் கூடக் கூட்டிக்கொண்டு காரில் போனால், "ஏலே, அந்த போர்டுல என்ன போட்டிருக்கு, வாசி" என்பார். நான் வாசிப்பேன். அடுத்த போர்டு. "இதுல?" மனுஷன் ப்ளஸ் டூ முடித்த பையனுக்கு ரோட்டில் வைத்து ஒண்ணாங்கிளாஸ் பரீட்சை வைக்கிறார். நானும் சும்மா இல்லை. 'மெதுவாகச் செல்லவும்' என்ற போர்டை 'முட்டை போண்டா கிடைக்கும்' என்று வாசித்தேன். அப்பா நம்பி வண்டியை நிறுத்திவிட்டார். என்ன அண்ணே அப்படிப் பார்க்கிறீங்க? நிறுத்திவிட்டு எங்கேடா கடை என்று தேடுகிறார்! அவ்வளவு அப்பாவி எங்கப்பா.

பர்லியாறு. இறங்கி டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா? சரி, நானும் இறங்கவில்லை. ஆமாம், அப்பா இன்றைக்குக் காலையில் போன் பண்ணினார். எந்த பஸ், எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய், என்ன சட்டை என்றெல்லாம் விசாரணை. பிறந்ததிலிருந்து கேட்காத கேள்வி. நான் போட்ட குண்டு அப்படி.

குண்டு எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன்.

எங்கள் அவுட்ஹவுஸுக்கு வைஃபை எட்டாது. பங்களா வராந்தா மூலையில் ஜெரேனியம் தொட்டிக்குப் பக்கத்தில் குத்த வைத்தால் மூன்று கோடு வரும். அந்த ஞாயிறு சாயங்காலம் நான் அங்கே இருக்கிறேன். உள்ளே நாயுடு போனில், மில் மேனேஜரிடம். அப்படியே ஒப்பிக்கிறேன், ஒரு எழுத்து மாறாது:

"ஆமாங் மேனேஜர், பழைய டிரைவரை மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டனுங். மனசே வரலீங். நம்ம அப்பாரு காலத்துல இருந்து கூட இருக்கறவரு. ஆனா வர வர வலது பக்கமாவே இழுக்குதுங். போன வாரம் தப்பிச்சது தம்பிரான் புண்ணியம். இதுக்கு மேல வெச்சுட்டிருந்தா அவருக்கும் நல்லதில்ல, நமக்கும் நல்லதில்ல. சீசன் முடியட்டுமுங், மருவாதியா அனுப்பி வெச்சரலாம்..."

இன்னும் கொஞ்சம் பேசினார். கடைசித் துண்டு நம்ம நாடகத்துக்கு உதவாதது, அதனால் வெட்டிவிட்டேன். ஆனால் இவ்வளவும் கேட்டதும் எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. பெரியவரை மாற்றப் போகிறார்! கர்னல் ஜெயித்துவிட்டார்! கிளப்பில் பழைய மட்டைகளை மாட்டி வைக்கிற கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கிறது, 'மருவாதியா அனுப்புவது' அங்கேதான். சரி. ஆனால் இதே வசனத்தை எங்கப்பாவிடம் போட்டால்? டிரைவர் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தானே! நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு ஆடினேன் அண்ணே.

பங்களாவிலிருந்து அவுட்ஹவுஸுக்கு இன்டர்காம் உண்டு. மறுநாள் நாயுடு வாக்கிங் போயிருந்தார். நான் தொண்டையைச் சரிசெய்து, வெற்றிலை போட்ட மாதிரி நாக்கை ஒரு பக்கம் ஒதுக்கி, ரிசீவரை எடுத்தேன். அப்பாதான் எடுத்தார்.

"ஏனுங் டிரைவரே, சாப்டாச்சுங்ளா?"

"ஆச்சுங்க முதலாளி."

"ஒண்ணுமில்லீங். இந்த சீசனோட பழைய டிரைவரை மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டனுங். வலது பக்கமாவே இழுக்குது பாருங். சீசன் முடிஞ்சா மருவாதியா அனுப்பி வெச்சரலாமுங்."

அண்ணே, அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கிறது. இதோ இப்போது அழப் போகிறார், இதோ காலில் விழப் போகிறார் என்று காத்திருக்கிறேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அதான் பேசினதுதானுங்களே முதலாளி."

எங்கப்பா குணம் அது. முதலாளி நாளைக்கு அமாவாசை என்று சொன்னாலும் 'அதான் பேசினதுதானுங்களே' என்பார். பயத்தில் வருகிற மரியாதை. அதற்கப்புறம் ஒன்று சொன்னார், அதில்தான் நான் செத்தேன்:

"ஒரே ஒரு உதவிங்க. பயகிட்ட மட்டும் இப்பச் சொல்ல வேண்டாம்ங்க. நேரம் பாத்து நானே சொல்லுதேன்."

பையனிடம் சொல்ல வேண்டாமாம்! பையனிடமே சொல்கிறார், பையனிடம் சொல்ல வேண்டாம் என்று! ரிசீவரை வைத்துவிட்டு நாயுடுவின் சோபாவிலிருந்து கீழே விழுந்தேன் அண்ணே, சத்தியமாக. இந்தத் தொண்டை சினிமாவுக்குப் போக வேண்டிய தொண்டை.

அன்றிலிருந்து வீட்டில் நடக்கிற கூத்தைப் பார்க்கணும். அம்மா தன் ஜெரேனியம் தொட்டிகளை எல்லாம் குஞ்ஞப்பன் சேட்டன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அங்க வெயிலு ஜாஸ்தி, இது வாடிரும்லா" என்கிறாள். அங்க என்றால் எங்க? அடுப்படிக்குப் போய்விடுகிறாள். என்னைப் பார்த்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துகிறார்கள். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். என் முகத்தைப் பார்த்து நானே கண்ணாடியில் கை தட்டியிருக்கிறேன்.

உச்சம் என்னவென்றால், நேற்று அப்பா என்னைக் காரமடைக்கு அனுப்பினார். "சித்தப்பா வீட்டு மாடி காலியா கெடக்கான்னு பாத்துட்டு வாலே. காத்து வருமான்னு பாரு." வேலை போகப் போகிறது என்று நம்பி வீடே பார்க்க ஆரம்பித்துவிட்டார்! நான் மட்டையைச் சொன்னேன், அவர் மூட்டை கட்டுகிறார்! அங்கே போனால் சித்தப்பா வெள்ளையடித்துத் தயாராக வைத்திருக்கிறார். "உங்கப்பன் பங்குனியிலயே சொல்லிட்டான்லா" என்கிறார். பங்குனியில் எப்படிச் சொல்வார்? நான் குண்டு போட்டதே சித்திரையில். சித்தப்பாவுக்கு மாசக் கணக்கு எப்போதும் தகராறு.

இன்றைக்குத்தான் அண்ணே உடைக்கப் போகிறேன். சீசன் முடிந்துவிட்டது. புது மட்டையும் வந்துவிடும். வீட்டுக்குப் போய், அப்பா முன்னால் நின்று, நாயுடு குரலிலேயே, "ஏனுங் டிரைவரே, மாடி நல்லா இருந்துச்சுங்ளா?" என்று கேட்கப் போகிறேன். அப்பா முகம் அப்போது எப்படி ஆகும்! முதலில் புரியாது. அப்புறம் புரியும். அப்புறம் துடைப்பக்கட்டை பறக்கும். அம்மா அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரிப்பாள். தொட்டியெல்லாம் சேட்டனிடமிருந்து திரும்ப வாங்க வேண்டியதுதான். அதுதான் அண்ணே சிரிக்கிற இடம். அதற்குத்தான் உங்களைக் கட்டிப் போட்டிருக்கிறேன். நீங்களும் கூட வந்தால் நேரிலேயே பார்க்கலாம்.

அட, சிரிக்கவே இல்லையே நீங்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீங்க. குளிருகிறதா? கண்ணாடியை இறக்கிவிடவா?

சரி, விடுங்க. உங்களை மாதிரி ஆளுக்குக் கதை சொன்னது என் தப்பு. தொண்டை வற்றிப் போனதுதான் மிச்சம். கேத்தி தாண்டிவிட்டோம், நீங்கள் எங்கே இறங்கணும்? சேரிங் கிராஸா? நானும் அங்கேதான். எங்கப்பா காரோடு வருவார், ஒரு எட்டு இறக்கிவிடச் சொல்கிறேன். ஊட்டியில் என்ன வேலையாக வந்தீங்க என்று கேட்கவே இல்லை பாருங்க, என் கதையிலேயே...

என்ன?

அந்தக் கடைசித் துண்டா? நாயுடு போனில் பேசினதில் நான் வெட்டின துண்டா? அது எதற்கு உங்களுக்கு? அதில் சிரிப்பு ஒன்றும் கிடையாது. சரி, கேட்கிறீங்க, சொல்கிறேன். நாயுடு குரல்:

"...மருவாதியா அனுப்பி வெச்சரலாமுங். புதுசா ஒருத்தரைச் சொல்லி வெச்சிருக்குதுங். சீசன் முடிஞ்சதீமே மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறி வந்துருவாருங். பொள்ளாச்சிக்காரரு. நல்ல நிதானமுங். வாயே தொறக்க மாட்டாரு..."

பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவார்கள் அண்ணே, மட்டையை. பொள்ளாச்சியில் யாராவது எஸ்டேட்காரர் வைத்திருந்திருப்பார். கோயம்புத்தூர்க்காரர் மட்டைக்கே மரியாதை... வருவாரு, தொறக்க மாட்டாரு... மட்டைக்கு எதற்கு அண்ணே வாய்?

பொள்ளாச்சிக்காரர்.

நீங்கள் எதற்கு வளைவுக்கு வளைவு காலை அமுக்கினீங்க?

இல்லை, இருங்க. பேசாதீங்க. இவ்வளவு நேரம் பேசாத ஆள் இப்போது மட்டும் பேசாதீங்க. என்ன சொன்னீங்க? ஏசுவடியான் அண்ணன் சேரிங் கிராஸுக்கு வருகிறேன் என்று சொன்னாரா? நான் எங்கப்பா பெயரைச் சொல்லவே இல்லையே அண்ணே. கல்லாறிலிருந்து ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லையே. 'பஸ்ல ஒருத்தன் வாய மூடாம வருவான், அவன்தான் எம்பய, பக்கத்துல உக்காந்து பக்குவமா நீங்களே சொல்லிருங்க, எனக்கு வாய் வரமாட்டேங்கு' என்றாரா? அதை இப்போது சொல்கிறீங்களா? மேட்டுப்பாளையத்திலிருந்து வாயைத் திறக்கப் பார்த்தீங்களா? நான் விடவில்லையா?

ஆமாம். விடவில்லைதான்.

அப்போது இன்டர்காமில், 'அதான் பேசினதுதானுங்களே'... முன்னாலேயே பேசியிருந்தார்களா? எப்போது? பங்குனியிலேயேவா? அப்பாவே போய்ச் சொன்னாரா? என்ன வியாதி? கண்ணிலா? அவர் பைனாகுலர் அண்ணே! யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க, எங்கே விழுந்தாலும்...

குச்சி மேல் நின்ற பந்து.

முட்டை போண்டா போர்டு.

பஸ் நிற்கப் போகிறது. அதோ அண்ணே, அந்த ஓரத்தில், நீல ஸ்வெட்டர், அதுதான் எங்கப்பா. பெட்டி ஒன்றும் இல்லையே உங்களிடம், அந்தப் பை மட்டும்தானே, நான் எடுத்துக்கொள்கிறேன், கொடுங்க. பாருங்க, கை காட்டுகிறார். எவ்வளவு சந்தோஷமாகக் கை காட்டுகிறார் பாருங்க. எதிர்ப்பக்கம் கோத்தகிரி போகிற பஸ்ஸைப் பார்த்துக் காட்டுகிறார்.

இங்கேதான் அண்ணே. சிரிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. சிரிங்க.